டாக்கிளா, ஃப்ளாகா, வேண்டவே வேண்டாமா: ஒன்பது வயது மகனுக்காக நாங்கள் எடுத்த முடிவு

சாப்பாட்டு மேசைமேல் ஒரு படிவம் பத்து நாட்களாகக் கிடந்தது. டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியில் நடக்கும் சிறுவர் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் சேர்க்கைப் படிவம். மொத்தம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. காயம், நிரந்தர ஊனம், மரணம் என்று எது நேர்ந்தாலும் லீக்கோ பயிற்சியாளரோ மைதானத்துக்கு உரியவரோ பொறுப்பல்ல என்று அது சொன்னது. அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. என் மகனின் கையெழுத்துக்கு அதில் இடமில்லை. ஆடப்போகிறவன் அவன், அடிபடப்போவது அவன் தலை; ஒப்புக்கொள்கிறேன் என்று எழுத வேண்டியவள் நான்.

டெக்சாஸில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளி மைதானம்தான். பாண்டு வாத்தியமும் விளக்கு வெளிச்சமுமாக ஊரே திரண்டிருக்கும். அங்கே போய் வந்த பையன் எவனும் தானும் ஒருநாள் அந்தப் புல்லில் ஓட வேண்டும் என்றுதான் நினைப்பான். என் மகனும் நினைத்தான். அதில் தவறே இல்லை. என் கணவர் ஞாயிறு தவறாமல் டாலஸின் தொழில்முறை அணியான கௌபாய்ஸ் ஆட்டம் பார்ப்பவர், அவருக்கும் சம்மதம். எனக்குத்தான் கை ஓடவில்லை. அந்தப் பத்து நாட்களில் படித்தவற்றையும், பயிற்சி நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே படிவம் வேறு வீடுகளின் மேசைகளிலும் கிடக்கலாம்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. இந்த வருடமே டாக்கிள் ஆட்டத்தில் சேர்ப்பது. அல்லது இப்போது ஃப்ளாக் ஃபுட்பாலில் விட்டு, டாக்கிளைச் சில வருடம் தள்ளிப்போடுவது. அல்லது இந்த விளையாட்டே வேண்டாம் என்று வேறு பக்கம் திருப்பிவிடுவது. டாக்கிளில் பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். பந்துக்குப் பக்கத்திலேயே இல்லாத பையன்களும் ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவன்மேல் மோதித் தள்ளுவார்கள். ஃப்ளாகில் இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கும் நாடாவை உருவினால் போதும், ஓட்டம் அங்கே முடிந்தது.

ஹெல்மெட் இருக்கிறதே என்பவர்களுக்கு

என் கணவரின் முதல் வாதம் ஹெல்மெட்தான். பாதி சரியான வாதம். 1968ஆம் ஆண்டில் மட்டும் 36 பேர் இந்த ஆட்டத்தில் பட்ட அடியால் இறந்தார்கள். 1973இல் ஹெல்மெட்டுக்குத் தரக்கட்டுப்பாடு வந்தது. 1976இல் தலையை முன்னால் நீட்டி இடிப்பது பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு மண்டையோடு உடைந்தும் மூளையில் ரத்தம் கசிந்தும் இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ஹெல்மெட் காப்பது மண்டையோட்டை. ஓடும் பஸ்ஸில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே நிற்பவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். வேகமாக வளைவில் திரும்பினால் இன்னும் மோசம். மூளைக்கும் அதே கதி. தலை சட்டென்று நிற்கும்போதும் சுழலும்போதும் உள்ளேயிருக்கும் மென்மையான திசு இழுபட்டு, அதன் நுண்ணிய நரம்பிழைகள் நீண்டு சேதமாகின்றன. சிறுவர்களின் உடம்புக்குத் தலை பெரியது, கழுத்துத் தசை இன்னும் வலுக்காதது. அந்தக் கழுத்தின்மேல் ஹெல்மெட்டின் எடையும் ஏறுகிறது.

கடையில் என் மகனுக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தோம். கன்னத்துப் பஞ்சு இறுக்கியதில் அவன் வாய் மீன் வாய்போலக் குவிந்திருந்தது. கம்பிகளுக்குப் பின்னாலிருந்து சிரித்தான். பின்புறத்தில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. மூளைக்கும் கழுத்துக்கும் ஏற்படும் கடுங்காயத்தை எந்த ஹெல்மெட்டாலும் தடுக்க முடியாது, அந்த ஆபத்து வேண்டாமென்றால் இந்த விளையாட்டை ஆடாதீர்கள் என்பது அதன் சாரம். செய்து விற்பவரே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, ஹெல்மெட்டை நம்பி அனுப்பினோம் என்று நாங்கள் நாளைக்குச் சொல்ல முடியாது.

எண்ணிக்கைகள் சொல்வதும் சொல்லாததும்

மைக் வெப்ஸ்டர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணியின் சென்டர், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு உடனே எதிரில் நிற்பவனோடு மோதுபவர். 17 பருவங்கள் ஆடி, சூப்பர் பௌல் என்ற சாம்பியன் பட்டத்தை நான்கு முறை வென்றவர். 2002இல் தம் ஐம்பதாவது வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறியது, வீடு வாசல் போயிற்று. நைஜீரியாவிலிருந்து வந்த நோய்க்கூறியல் மருத்துவர் பென்னட் ஓமாலு அவருடைய மூளையைப் பரிசோதித்து, தொடர்ந்து அடிபட்ட மூளைகளில் டௌ என்ற புரதம் படிந்து வரும் சிடிஇ என்ற நோயைக் கண்டார். 2005இல் அது மருத்துவ இதழில் வெளிவந்தபோது, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தவர்கள் கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினார்கள். மூளைக் காயங்களை ஆராய 1994இல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் ஒரு மூட்டுவாத மருத்துவர். ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது 2016இல்.

2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் 111 மூளைகளில் 110இல் சிடிஇ இருந்தது. இந்த எண்தான் எல்லா இடத்திலும் சுற்றுகிறது, பெற்றோரை நடுங்க வைக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மூளைகளைத் தானம் செய்த குடும்பங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்டவை. மேலும் இந்த நோயை இறந்த பிறகுதான் உறுதிசெய்ய முடியும். அதே ஆய்வில் உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்களின் 14 மூளைகளில் மூன்றில்தான் சிடிஇ இருந்தது. என் மகன் என்எஃப்எல்லுக்குப் போகப்போவதில்லை. எனக்கு அந்த 14 பேர்தான் முக்கியம்.

ஆறுதல் தரும் ஆய்வும் ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. விஸ்கான்சினில் 1957இல் பள்ளிப் படிப்பை முடித்த ஏறத்தாழ நாலாயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. பள்ளியில் ஃபுட்பால் ஆடியவர்களின் நினைவாற்றலோ மனநிலையோ 65 வயதையொட்டி மற்றவர்களைவிட மோசமாக இல்லை என்று 2017இல் தெரிவித்தார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பையன்களின் உடல் எடையும் ஆட்டத்தின் வேகமும் வேறு, ஆறேழு வயதிலேயே டாக்கிள் தொடங்கும் இன்றைய வழக்கமும் வேறு.

என்னை நிறுத்தியது இன்னொரு கண்டுபிடிப்பு. நாம் எல்லோரும் கன்கஷனைத்தான், அதாவது அடியில் மூளை அதிர்ந்து அறிகுறி காட்டுவதைத்தான், எண்ணுகிறோம்: மயங்கி விழுந்தானா, வாந்தி எடுத்தானா, கண் இருட்டியதா. 2023இல் 631 முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், எத்தனை கன்கஷன் என்பது சிடிஇயோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டார்கள். ஒத்துப்போனது, வாழ்நாள் முழுவதும் தலையில் விழுந்த எல்லா இடிகளின் மொத்த விசை. பையன் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குப் போகிறானே, அந்த இடிகளும் கணக்கில் ஏறுகின்றன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு, கூடுதலாக ஆடும் ஒவ்வோர் ஆண்டும் சிடிஇக்கான வாய்ப்பை 30 சதவீதம் உயர்த்துவதாகச் சொன்னது. ஆகவே நாங்கள் பேச வேண்டியது எத்தனை வருடம், எத்தனை இடி என்ற கணக்கை.

அந்தக் கணக்கும் கிடைத்தது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 6 முதல் 14 வயது வரையிலான ஆட்டக்காரர்களுக்கு உணர்கருவி பொருத்தி எண்ணியது. முடிவு 2021இல் வெளிவந்தது. டாக்கிள் ஆடுகிற பையனின் தலையில் ஒரு பருவத்தில் விழும் இடிகளின் நடுமதிப்பு 378. ஃப்ளாகில் 8.

378க்கும் 8க்கும் இடையில்தான் என் முடிவு கிடந்தது. ஃப்ளாகும் பஞ்சுமெத்தை இல்லை. ஐயோவா பல்கலைக்கழகத்தார் சிறுவர் லீக்குகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், மொத்தக் காயங்கள் ஃப்ளாகில்தான் அதிகம் என்றும், கன்கஷனில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் இருந்தது. விரல் பிசகும், முழங்கால் சிராயும், இரண்டு பேர் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டை முட்டிக்கொள்வதும் நடக்கும். கவசமில்லாமல் ஓடினால் அடிபடத்தான் செய்யும். ஆனால் விரல் பிசகுவது ஆறு வாரத்தில் ஆறும். வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும் இடிக்கணக்கில் ஃப்ளாக் டாக்கிளின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒரு செவ்வாய் மாலை

எந்த முடிவும் எடுக்கும் முன் லீக்கின் பயிற்சியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஐந்தாறு கஜம் இடைவெளி. ஊதல் சத்தம் கேட்டதும் வரிசையின் முன்னால் நின்ற இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடிவந்து மோதினார்கள். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்கும் சத்தம் தேங்காய் உடைப்பதுபோல இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அப்படியில்லை, அது வெற்று பிளாஸ்டிக் வாளி தரையில் விழும் சத்தம். அதனாலேயே அது ஒன்றுமில்லாததுபோலக் கேட்கிறது. ஒரு சின்னப் பையன் எழுந்து, தப்பான வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். பயிற்சியாளர் நல்ல மனிதர், சம்பளம் வாங்காத தொண்டர், அவருடைய மகனும் அந்த வரிசையில் இருந்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் நேருக்கு நேர் ஓடிவந்து மோதும் பயிற்சியை பாப் வார்னர் என்ற பெரிய சிறுவர் அமைப்பு 2012லேயே, மூன்று கஜத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கூடாது என்று தடுத்துவிட்டது. இதுபோன்ற ஒற்றைக்கு ஒற்றை மோதலைப் பெரியவர்கள் ஆடும் என்எஃப்எல்லும் 2019இல் பயிற்சி முகாம்களிலிருந்து நீக்கிவிட்டது.

ஆட்டத்தைக் கெடுக்காமல் இடியைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. டார்ட்மவுத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் தம் வீரர்கள் ஒருவரையொருவர் டாக்கிள் செய்வதையே நிறுத்தினார். பொம்மைகளையும், பிறகு ஓடும் இயந்திர பொம்மையையும் சாய்க்கச் சொன்னார். அணி தோற்றுப்போகவில்லை, தான் ஆடும் ஐவி லீக் என்ற கல்லூரிப் போட்டியின் பட்டத்தை வென்றது. பந்தை எதிரணியிடம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃபின் விதியை அந்த லீக் ஐந்து கஜம் மாற்றியதிலேயே, ஆயிரம் கிக்ஆஃபுக்கு ஏறக்குறைய 11ஆக இருந்த கன்கஷன் 2ஆகக் குறைந்தது. இது தெரிந்த பயிற்சியாளரிடம் பிள்ளையை விடுவதற்கும் தெரியாதவரிடம் விடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியாளர் வாய்ப்பார் என்பதோ குலுக்கல் சீட்டு மாதிரி.

பொறுப்பு யாருடையது

படிவத்தின் மூன்றாம் பக்கத்துக்கு மறுபடியும் வருகிறேன். ஆபத்து தெரிந்துதானே வந்தீர்கள் என்பது இந்த ஆட்டத்தில் பழைய பதில். 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் என்எஃப்எல்மேல் வழக்குப் போட்டபோது அவர்கள் கேட்டது, தெரிந்ததை எங்களிடமிருந்து ஏன் மறைத்தீர்கள் என்றுதான். 2013இல் 765 மில்லியன் டாலர் என்று பேசிமுடித்த உடன்பாட்டை, அது போதாமல் போகலாம் என்று நீதிபதி அனிட்டா பிராடி ஏற்க மறுத்தார். உச்சவரம்பு நீக்கப்பட்ட பிறகே 2015இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஓர் அநியாயம் வெளியில் வந்தது. கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்ற அனுமானத்தோடு மதிப்பெண்ணைக் கணக்கிட்டிருந்தார்கள். அதனால் அவர்களுக்கு இழப்பீடு பெறுவது கடினமானது. 2021இல்தான் அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூளையைக் கொடுத்து ஆடியவனிடம் உன் மூளை முதலிலேயே மட்டம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும்?

கோடிக்கணக்கில் பணமும், ஓரத்தில் தனி மருத்துவரும் இருக்கும் இடத்திலேயே தவறு நடக்கிறது. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி அணியின் டுவா டகோவைலோவா தலை தரையில் அடிபட்டு, எழுந்து தள்ளாடி விழப்போனார். முதுகுவலி என்று சொல்லி அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினார்கள். நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் தூக்கியெறியப்பட்டபோது அவருடைய விரல்கள் முகத்துக்கு முன்னால் கோணலாக விறைத்து நின்றதை நாடே பார்த்தது. அதன்பிறகுதான் தள்ளாட்டம் கண்டால் திரும்ப ஆடக்கூடாது என்று விதி மாறியது. இது பெரியவர்கள் கதை. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் பதின்மூன்று வயது சாக்கரி லிஸ்டெட் அடிபட்ட பிறகு மீண்டும் களமிறங்கி, மூளையில் ரத்தம் கசிந்து, உயிர் பிழைத்தும் உடல் முடங்கிப்போனான். அவன் பெயரில் 2009இல் வந்த சட்டத்தைப் பின்பற்றி 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் சட்டம் இயற்றின.

டெக்சாஸ் சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். சந்தேகம் வந்தால் உடனே வெளியேற்ற வேண்டும், மருத்துவரின் எழுத்து இல்லாமல் திரும்ப ஆடக்கூடாது, திரும்ப ஆட அனுமதிக்கும் உரிமை பயிற்சியாளருக்குக் கிடையாது. யாருக்குச் சந்தேகம் வந்தால் என்பதில் பயிற்சியாளர், மருத்துவர் ஆகியோரோடு பெற்றோரும் இருக்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்து போய், இவனை வெளியே எடுங்கள் என்று சொன்னால் எடுத்தாக வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் எழுதப்பட்டது பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு. பள்ளிகளில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. எங்கள் வாரக்கடைசி லீக்கில் அப்படி எழுதிய வரம்பு எதுவும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்ற பதில்தான் வந்தது. தலைக்காயம் பார்க்கத் தெரிந்தவர் யார் ஓரத்தில் நிற்பார் என்றதற்குப் பதிலே வரவில்லை.

பயிற்சியாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 2004இல் மில்வாக்கி பகுதிப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், கன்கஷன் வந்த பையன்களில் பாதிப் பேர் யாரிடமும் சொல்லவில்லை. பெரும்பாலோர் சொன்ன காரணம், இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன் என்பது. என் மகனை எனக்குத் தெரியும். காய்ச்சலை மறைத்துப் பிறந்தநாள் விருந்துக்குப் போனவன். அவன் சொல்வான் என்று நம்பி என்னால் ஒரு பாதுகாப்பைக் கட்ட முடியாது.

வேண்டவே வேண்டாம் என்பதும், எப்போது என்பதும்

முழுக்கத் தடுத்துவிடுவது எனக்கு எளிது, அவனுக்கு நியாயமில்லை. கனத்த உடம்பால் மற்ற ஆட்டங்களில் கேலிக்கு ஆளாகும் பையனுக்கு இந்த ஆட்டம் மரியாதையான ஓரிடம் தருகிறது. கல்லூரிக்குப் போக இதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்கள் கணக்கு என் கணக்கு அல்ல, அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமையும் இல்லை. கால்பந்துக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்பதும் சரியில்லை; பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் தலையால் முட்டக்கூடாது என்று அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015இல் சொல்ல நேர்ந்தது சும்மா இல்லை.

மிஞ்சியது எப்போது என்ற கேள்வி. டெக்சாஸில் பள்ளி ஆட்டம் ஏழாம் வகுப்பில், பன்னிரண்டு வயதையொட்டித் தொடங்குகிறது. அப்போது விடலாம் என்றார் என் கணவர். பதினான்கு என்றேன் நான். பன்னிரண்டு வயதுக்கு முன் டாக்கிள் தொடங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மனநிலைச் சிக்கல்கள் கூடுதல் என்று ஓர் ஆய்வு சொல்கிறது, அப்படியில்லை என்று வேறு சில சொல்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015 அறிக்கையில் தடைகேட்கவில்லை; மோதலில்லாத லீக்குகளைப் பெருக்குங்கள், தலையால் இடிப்பதைத் துளியும் பொறுக்காதீர்கள் என்றுதான் சொன்னது. கலிஃபோர்னியாவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் டாக்கிளைத் தடுக்க வந்த மசோதா, கையெழுத்திட மாட்டேன் என்று 2024இல் ஆளுநர் சொன்னதோடு நின்றுபோனது. ஆகவே வயது விஷயத்தில் அறிவியல் எங்களுக்கு ஒரு கோடு போட்டுத் தரவில்லை, அரசும் தரவில்லை. நாங்கள்தான் போட வேண்டியிருந்தது. பதினான்கில் கழுத்து வலுத்திருக்கும், உயர்நிலைப் பள்ளியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் இருக்க வாய்ப்பு அதிகம், தலைவலி என்றால் என்ன என்று அவனுக்கே புரியும், வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். அதுவரை ஐந்து பருவங்களின் இடி மிச்சம். தாமதமாகத் தொடங்கினால் பின்தங்கிவிடுவான் என்ற பயத்துக்கு என் கணவரே பதில் கண்டுபிடித்தார். என்எஃப்எல்லின் பெரும் நட்சத்திரமாக இருந்த டாம் பிரேடி இந்த ஆட்டத்தை முறையாக ஆடத் தொடங்கியது உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான்.

டாக்கிள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃப்ளாகில் சேர்த்தோம். மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது என்று அவன் அப்பா காட்டியதும் கொஞ்சம் இறங்கிவந்தான். பதினான்கு வயதில் பள்ளியிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி அவனுடைய பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு எத்தனை நிமிடம் முழு மோதல், முழுநேர டிரெய்னர் உண்டா, பயிற்சிக்கும் வருவாரா ஆட்டத்துக்கு மட்டுமா, அடிபட்ட பிள்ளையைத் திரும்ப அனுப்புவது யார், போன வருடம் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள். கடைசிக் கேள்விக்கு யாரையும் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியில் அவன் ஆடமாட்டான் என்று தாளின் அடியில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மகனுக்கும் ஒரு கோடு விட்டிருக்கிறோம்.

ஃப்ளாக் லீக்கின் படிவத்திலும் ஏறக்குறைய அதே பத்தி இருந்தது. முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம்.